லீவு போட்டு மலை ஏறினோம்

அம்மாவுக்கு மலை காட்ட வேண்டும் என்ற ஞானோதயம் எனக்கு வந்தது மே மாதத்தில். ஊட்டிக்குத்தான் 2024-லிருந்து இ-பாஸ் வேண்டுமே. ஓடிபி அம்மாவின் போனுக்குப் போனது. போனோ சார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் புடவைக்கு அடியில். "கொல்லைக்குப் பின்னால பச்சைமலை நிக்குது, அதுக்கு எவன்டா பாஸு கேக்குறான்?" என்றாள்.

பெரம்பலூரிலிருந்து லாடபுரம் போய் மயிலூற்று அருவியைப் பார்த்தோம். மயிலும் இல்லை, ஊற்றும் இல்லை. பாறையில் போன மழைக்காலத்தின் கறை மட்டும் இருந்தது. அம்மா அதற்கு எதிரே சம்மணமிட்டு, தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றில் கடலையைத் தேடித் தேடி எடுத்துத் தின்றாள்.

எரித்த பெட்ரோலுக்கு நியாயம் தேடி, சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கு வண்டியைத் திருப்பினேன். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. "12 கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல்மா. அரியலூர் சிமெண்டுக்குத் தோண்டுற சுண்ணாம்புக்கல்லெல்லாம் அந்தக் கடல் போட்டதுதான்" என்றேன்.

அம்மா வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

"அருவிக்கும் லேட்டு, கடலுக்கும் லேட்டு. நீ லீவு போடுற லட்சணம் அப்படி."