வன்னிப் பெருநிலப்பரப்பில் பக்கத்து வளவுப் பற்றையும் அதன்மீதான முறைப்பாட்டின் சரிதமும்: ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வின் தேவை

பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு, இரணைமடுக் குளத்துக்கு வரலாறு உண்டு. ஆனால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கும் நீக்கமற நிறைந்திருக்கும் பக்கத்து வளவுப் பற்றையை அறிஞர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பற்றை பிடித்த காணிக்கு ஆளில்லை என்பது ஊரார் நம்பிக்கை. அதற்கு ஆட்கள் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டார்கள் என்பதே நமது கருதுகோள்.

2. பற்றையின் இயல்

மேலடுக்கில் எருக்கலையும் நாயுண்ணியும். இடையடுக்கில் பார்த்தீனியம். இலங்கையில் இது முதன்முதலாக 1999இல் வவுனியாவில் பதிவானது. இந்திய அமைதிப்படையோடு வந்திருக்கலாம் என்பது தாவரவியலார் ஊகம். படை 1990இல் திரும்பிப் போய்விட்டது. செடி இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

கீழடுக்குத்தான் ஆய்வாளனுக்குப் பொற்சுரங்கம்: கூரை போன வீட்டின் சீமெந்து நிலம், கட்டில்லாத கிணறு, மலசலகூடக் கோப்பை, சிரட்டைகள், யூ.என்.எச்.சி.ஆர். என்ற நீல எழுத்து மங்கிய தறப்பாள். ஐப்பசி மழைக்கு அந்தத் தறப்பாள் மடிப்பில் ஒரு சிரங்கை தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அதுவே தாராளம். முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வெகுதூரம் பறக்கும் பழக்கமும் அதற்கில்லை. பக்கத்து வீடுதான் அதன் உலகம். முத்திரைப் புடையன் மட்டும் எப்போதாவது வேலி தாண்டி முற்றத்துக்கு வந்து நலம் விசாரிக்கும்.

3. உடைமை

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேமிட் காணிகள் வன்னியில் ஏராளம். நமது மாதிரிக் காணியின் பேமிட் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. மூத்தவர் ரொறன்ரோ, நடுவிலார் பாரிஸ், கடைசித் தங்கச்சி மானிப்பாய். ‘பார்த்துக்கொள்ளுங்கோ’ என்று விடப்பட்ட சித்தப்பா உள்ளூரில்தான் இருக்கிறார். தேங்காய் விழுந்தால் பொறுக்குவது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது. பற்றை வெட்டுவது உட்படாது. அதற்கு அற்றோணித் தத்துவம் வரவேண்டுமாம்.

போரில் இடம்பெயர்ந்தவர் காணியை, பத்து வருடம் ஆண்டேன் என்று சொல்லி எவரும் விழுங்கிவிடக் கூடாதென்று 2016இல் தனிச் சட்டமே வந்தது. நியாயமான சட்டம். அந்தத் துணிவில் உரிமையாளர் நிம்மதியாக உறங்குகிறார். கத்தியைப் பற்றிய நினைவு அவருக்குக் கனவிலும் வருவதில்லை.

4. சட்ட இலக்கியம்

சட்டம் இல்லை என்று யாரும் முனகக் கூடாது. விக்ரோறியா மகாராணி காலத்திலேயே, 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், அயலாருக்குக் கேடாகப் பற்றை வளரவிடுவதைக் குற்றமாக்கிவிட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரத்தைப் பிரதேச சபையின் தலையில் வைத்தது. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் தகரப்பேணி, சிரட்டை, பழைய டயர் வரைக்கும் பெயர் சொல்லி, அவற்றை அகற்றும் கடமையை உரிமையாளர் அல்லது குடியிருப்பாளர்மீது சுமத்தியது. நமது காணியில் உரிமையாளர் விமானத்துக்கு அப்பால். குடியிருப்பவர் புடையன். நோட்டீஸை யார் கையில் கொடுப்பது?

5. முறைப்பாட்டின் யாத்திரை

முதற் கட்டம் வாய்மொழி. ‘அண்ணை, உந்தப் பற்றையை ஒருக்கால் பாருங்கோவன்’ என்று சித்தப்பாவிடம் சொல்வது. அவர் அடுத்த கலியாண வீட்டில் நம்மோடு கதைக்கமாட்டார்.

இரண்டாம் கட்டம் கடிதம். முறைப்பாடு செய்பவருக்கு உண்மையான இன்பம் கடிதத்தில் இல்லை, அடியில் வரும் ‘பிரதி’யில் இருக்கிறது: பிரதேச செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி, கிராம அலுவலர், பொலிஸ் பொறுப்பதிகாரி. மூலப்பிரதி சபைக்கு. சபை, இது பேமிட் காணி, பிரதேச செயலகம் போங்கோ என்னும். செயலகம், இது நுளம்பு விசயம், பி.எச்.ஐ.யைக் காணுங்கோ என்னும். பி.எச்.ஐ., பற்றை வெட்ட ஆளும் மெசினும் சபையில்தான் என்பார். மூவர் சொல்வதும் சரி. அதுதான் கேடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் பதில் வரவேண்டும். அதற்குள் தறப்பாளில் ஒரு நுளம்புத் தலைமுறை பேரன் பேத்தி கண்டுவிடும்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6இல்தான் தேர்தல். இடையில் எழுதிய கடிதங்களில் தவிசாளர் விலாசத்தில் இருந்தார், கதிரையில் இல்லை. செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அந்த இரண்டு வருடமும் பற்றை எந்த இடைஞ்சலுமின்றிப் பதவியில் இருந்தது.

6. கண்டறிவும் பரிந்துரையும்

2025 மார்ச் 28இல், வடக்கில் ஏறக்குறைய 6,000 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. பிறகு அது மீளப்பெறப்பட்டது. ஆனால், அந்த மூன்று மாதமும் எத்தனையோ வீடுகளில் றங்குப்பெட்டி திறந்து உறுதி தேடினார்கள். இதிலிருந்து பெறப்படும் விதி: காணி பாழாகிறது என்றால் உரிமையாளர் அசையமாட்டார். பறிபோகிறது என்றால் பறந்து வருவார்.

எனவே நமது பரிந்துரை: கடிதம் எழுதும் கையால் கதியால் ஒன்றை எடுத்து, எல்லையிலிருந்து அரையடி அரக்கி நடுக. சித்தப்பா படம் பிடிப்பார். அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப் அழைப்பு வரும். பாரிஸும் மானிப்பாயும் பல வருடங்களுக்குப் பின் ஒற்றுமைப்படும். விசயம் மத்தியஸ்த சபைக்குப் போகும். சபை, நில அளவையாளரைக் கொண்டு எல்லையைப் பார்க்கச் சொல்லும். அளவையாளர் சங்கிலி இழுக்க வேண்டுமானால் பற்றையை வெட்டியாக வேண்டும். கூலி உரிமையாளருடையது.

வெட்டி முடிந்ததும் கதியாலைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, பெரியவர்கள் முன்னிலையில் தாராளமாக மன்னிப்புக் கேட்கலாம். முறைப்பாடு செய்வதைவிட முறைப்பாட்டுக்கு உள்ளாவதே வன்னியில் விரைவான நிர்வாக வழி என்பது இவ்வாய்வின் முடிவு. அடுத்த மாரிக்கு மறுபக்கத்து எல்லையில் ஆய்வு தொடரும்.