ஆறு கிலோமீட்டர் அதிசயம்

நாட்டின் மிகக் குட்டையான தேசிய நெடுஞ்சாலைகளில் ஒன்று கொச்சியில் இருக்கிறது: குண்டன்னூரிலிருந்து வெலிங்டன் தீவு வரை, சுமார் 6 கிலோமீட்டர். சாலை வளரவே இல்லை என்று குறை சொல்பவர்களுக்கு நிர்வாகம் புரியாது. 47ஏ என்றிருந்த அதன் எண் 2010-ல் 966பி ஆனதே! ஒரு சட்டி தார் செலவில்லாமல் இத்தனை வளர்ச்சி வேறெங்கே வாய்க்கும்? பராமரிப்பில்லை என்பது அடுத்த ஆட்சேபம். 2024-ல் அங்குள்ள குண்டன்னூர்–தேவரா பாலத்தை மூடினார்கள், ஒட்டுப்போட்டார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு அடிக்கடி திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் குழிகளை ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்த பொறியாளர் உண்டா? மழைதான் காரணம் என்ற விளக்கமும் நியாயமானதே. கொச்சியில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடியதா என்ன?

ஆக, குட்டையாக இருப்பதே சிறப்பு என்றால் இன்னும் குறுக்கலாம். 3 கிலோமீட்டருக்குப் பாதிக் குழிகள். சாலையே இல்லாவிட்டால் ஒரு குழியும் இல்லை, 966பி என்ற பலகை போதும். நடக்காது என்பவர்கள் அடைமழையில் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வரட்டும்: பாதி வேலை முடிந்துவிட்டது.