துரை ஓட்டாத லண்டன் காரு

ஏய்யா மருமகனே, ராஜபாளையத்துல லண்டன் காரு ஒண்ணை அமுக்கிட்டியாமே! கூரை கிடையாதாம். பானெட்டைத் தூக்குனா ரெண்டு பக்க மக்கார்டும் சேர்ந்து முன்னால சாயுதாம். வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் சொல்லிச் செஞ்ச வண்டி, உலகத்துலயே ஒண்ணுதான்னு தரகர் சொன்னாராம். சொல்லுவாருய்யா. விக்கிறவன் வாயில துரை வராம தொரட்டியா வரும்?

நம்ம பக்கம் நாய்க்குட்டி வாங்குறவன்கூட வெள்ளையா இருக்குன்னு துட்டை நீட்ட மாட்டான். மூக்கு ரோஸா இருக்கான்னு பாப்பான், தாய் எது தகப்பன் எதுன்னு விசாரிப்பான். நீ இன்ஜினீயரிங் படிச்சவன், பெயிண்டைப் பாத்தே சொக்கிட்ட.

சரி, கதவை எண்ணினியா? நாலா? துரை மாட்டுனது அங்கதான். முன்பக்கம் மொத்தமாச் சாயுற அந்த வண்டி ட்ரையம்ஃப் ஹெரால்டு. வரைஞ்சு குடுத்தவர் மிக்கெலாட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். இங்கிலாந்துல 1959-ல வந்துச்சு, 1971 வரைக்கும் செஞ்சாங்க. அங்க செஞ்சது அத்தனையும் ரெண்டு கதவு. நாலு கதவு வச்சது நம்ம மெட்ராஸ் பக்கத்து வண்டலூர்! ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல ஹெரால்டை இங்க இறக்குனாங்க, பிற்பாடு நாலு கதவாக்குனாங்க. நம்மாளு மாமியா, மச்சினிச்சி, முறுக்குத் தூக்குன்னு எல்லாத்தையும் ஏத்தணுமில்ல? துரைக்கே கிடைக்காத வண்டியைத் துரை வண்டின்னு சொல்லி உன் தலையில கட்டியிருக்கான். அட, வண்டலூர்னு நெசத்தைச் சொல்லியே நல்ல விலை கேட்டிருக்கலாம், கூறுகெட்ட தரகன்.

இப்ப அதுல கை வச்சது யாருன்னு பாக்கணும். ஹெரால்டுக்கு அடியில தனி சேசிஸ் உண்டு. அது மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருப்பான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவனுக்கெல்லாம் கொண்டாட்டம். கதவுக்கு நடுவுல இருக்குற தூண் மேல விரலை ஓட்டிப் பாரு, வெல்டிங் தடிப்பு தட்டுப்பட்டா கூரையை ரம்பம் போட்டு எடுத்திருக்கான்னு வச்சுக்க. சேசிஸ் நம்பர் மேல வெள்ளைத்தாளை வச்சுப் பென்சிலால தேயி, ஆர்.சி.யோட ஒத்துப் பாரு. எஞ்சின் நம்பரையும் விட்டுராத. அது பெட்ரோல்ல பிறந்த வண்டி, மொதல்ல வந்ததுக்கு 948 சி.சி. நீ அனுப்புன வீடியோவுல மோட்டார் ரூம் கணக்கா டீசல் சத்தம் கேக்குது.

50 வருசம் தாண்டிருச்சு, பழங்கால வண்டிக்குக் குடுக்குற ‘வி.ஏ.’ நம்பர் வாங்கிரலாம்னு கனவு காங்குறியாமே. 2021-ல போட்ட அந்த விதி, சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெருசா கை வைக்காத வண்டிக்குத்தான்யா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வேற இருக்கு, அனுமதி இல்லாம மாத்துனா வம்பு. ஆண்டாள் தேருக்கு மரச்சக்கரத்தைக் கழத்திட்டு இரும்புச் சக்கரம் மாட்டலையா மாமான்னு கேப்ப. தேருக்கு ஆர்.சி. கிடையாது ராசா.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறுறதுக்கு முந்தி, பழைய ஆர்.சி.யை எடுத்துக்கிட்டு என்கிட்ட வா. கூரையை எடுத்தது எந்தப் பட்டறைன்னு எனக்குத் தெரியும். ஆனா அரைக்கிலோ பால்கோவா உள்ள போகாம அந்தப் பேரு வெளிய வராது.