ரீசெட் மாமா

கல்யாண வீடோ கருமாதி வீடோ, "என் போன் அடிக்கடி தானா ஆஃப் ஆயிடுது" என்று யாராவது முனகினால் போதும், நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் ரீசெட் மாமாவின் காது விடைத்துக்கொள்ளும். வலது கை பாயசத்தில் இருந்தாலும் இடது கை நீண்டுவிடும். "குடு பாப்போம்."

பார்ப்பதெல்லாம் கிடையாது. உறையைக் கழற்றுவார், வேட்டி நுனியால் முதுகைத் துடைப்பார், சார்ஜர் செருகும் ஓட்டையில் ஓர் ஊது ஊதுவார். பரிசோதனை முடிந்தது. "ஒண்ணுமில்ல. உள்ள குப்பை சேந்துபோச்சு. ரீசெட் போட்டா சரியாயிடும்."

விண்டோஸ் 98 காலத்தில் அவர் அலுவலகத்தில் உறைந்துபோன கம்ப்யூட்டர் ஒன்றை ஃபார்மட் அடித்து ஓடவைத்தாராம். அந்த ஒரு வெற்றியை வைத்தே இன்றுவரை ஓட்டுகிறார்.

மாமா ஒரு கேள்வி கேட்பார். நல்ல கேள்விதான்: "பேக்கப் எல்லாம் எடுத்து வெச்சிருக்கல்ல?" கேட்கிற நேரம்தான் கோளாறு. கட்டைவிரல் 'எல்லாவற்றையும் அழி'யை அமுக்கி, திரை கறுத்து, கம்பெனி பெயர் மின்னத் தொடங்கிய பிறகுதான் அது அவர் வாயிலிருந்து வரும். "இல்லையே மாமா" என்று அலறினால், "எல்லாம் கூகுள்ல இருக்கும்ப்பா" என்பார். இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி எப்போதோ நிரம்பி, வாட்ஸ்ஆப் பேக்கப் எந்த மாதமோ நின்றுபோயிருக்கும். பேரன் முதலில் நடந்த வீடியோவும் தண்ணி கேன்காரர் நம்பரும் ஒன்றாகப் போய்ச்சேர்ந்திருக்கும். "எப்பவுமே பேக்கப் எடுத்து வெச்சுக்கணும்ப்பா" என்று நம்மிடமே சொல்வார். விவரம் தெரிந்த ஒருவர் முந்திக்கொண்டு, "இன்னும் பேக்கப் எடுக்கல மாமா" என்று தடுத்துப் பார்த்தார். "அதுக்கென்ன, ரீசெட் போட்டுட்டு எடுத்துக்கலாம்" என்றார் மாமா.

செட்டிங்ஸுக்குள் நுழைவதற்குள் போன் அணைந்துவிட்டால்? மனம் தளர மாட்டார். பவரையும் வால்யூமையும் சேர்த்து அமுக்கி ரெக்கவரி வழியாக உள்ளே புகுந்து துடைத்துவிடுவார். இங்கேதான் இரண்டாம் அத்தியாயம். ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015 முதல், இப்படிப் பின்வாசல் வழியாக அழித்தால், முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கைக் கேட்டுத்தான் போன் மறுபடி திறக்கும். திருட்டுக்குப் போட்ட பூட்டு. மாமா இப்படித் துடைத்த என் அத்தையின் போனில் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் வாங்கிய கடைப் பையன். பாஸ்வேர்டு அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அவன் இப்போது அந்தக் கடையில் இல்லை.

இத்தனைக்கும், பல போன்களில் கோளாறு பேட்டரியில் இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாக ஆக உள்தடை கூடும். கேமராவைத் திறந்ததும் பிராசசர் சட்டென்று மின்சாரத்தை இழுக்க, வோல்டேஜ் தடாலென்று இறங்கும். முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கண்ணை மூடிவிடும். சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடினால் சந்தேகத்தைப் பேட்டரி மேல்தான் வைக்க வேண்டும். அதற்குப் போய் ரீசெட் என்பது மூட்டுவலிக்கு மொட்டை போட்ட கதை. ஏதாவது செயலியோ மென்பொருளோ கிறுக்குப் பிடித்து ஆடினால் ரீசெட் உதவும்தான், மறுக்கவில்லை. அதற்கும் முதலில் சேஃப் மோடில் ஓடவிட்டுப் பார்க்கலாமே. மாமாவின் அகராதியில் அது இல்லை.

பழைய பேட்டரியால் ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது ஆப்பிள். உன்னுது ஆண்ட்ராய்டு."

கெட்ட மனிதர் இல்லை. கூப்பிட்டால் மழையில் நனைந்துகொண்டு வருவார், இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பார், காபியைத் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். ஆனால் அவர் கிளம்பிய பிறகு யுபிஐயை முதலிலிருந்து பதிவு செய்ய டெபிட் கார்டைத் தேடி அலைவது அவர் இல்லை. பேங்க் செயலி கேட்கும் பின் நம்பர் மறந்துபோய்க் கிளையில் போய் நிற்பதும் அவர் இல்லை. அறுபத்தெட்டு வயது அத்தை நிற்கிறாள், டோக்கன் வாங்கிக்கொண்டு. இதைத் தட்டிக்கேட்க எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வாய் வராது, என்னையும் சேர்த்துத்தான். பெரியவராம்.

கடைசியில் அத்தை போனுக்குப் புது பேட்டரி போட்டோம், அணைவது நின்றது. "பாத்தியா, நான் உள்ள சுத்தம் பண்ணிக் குடுத்ததாலதான் புது பேட்டரி நிக்குது" என்றார் மாமா.

அவருடைய போனும் இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைகிறது. ரீசெட் போடவேண்டியதுதானே என்று கேட்டேன். போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார்.

"இதுல நெறைய போட்டோ இருக்குப்பா."