மூன்று பந்தும் ஒரு விமானமும்

பல்லாவரத்துக்காரர்கள் அடக்கமானவர்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். 1910 மார்ச்சிலேயே தங்கள் ஊரில் ஒரு விமானம் எழும்பியது என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அதை எழுப்பியவர் விஞ்ஞானி அல்ல, பட்டாளத்து அதிகாரியும் அல்ல. மவுண்ட் ரோட்டில் கேக்கும் மிட்டாயும் விற்று, பிறகு ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸ். கார்சிகாத் தீவுக்காரர் என்பார்கள். முந்திய வருஷம்தான் பிரான்சின் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். நம்மவருக்கும் ஆசை வந்துவிட்டது. தானே படம் போட்டு, கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்து விமானத்தைச் செய்து வாங்கினார். சின்ன எஞ்சின்தான். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தபின் டிக்கெட் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார். பொது அறிவுப் போட்டிகளில் கேட்பார்களே, அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் போன கதை, அது நடந்தது 1911 பிப்ரவரி 18. மிட்டாய்க்கடைக்காரர் அதற்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னால்.

அன்றைக்குப் பல்லாவரம் செங்கல்பட்டு ஜில்லா. நடுவில் காஞ்சிபுரத்தோடு போய், 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது மறுபடி செங்கல்பட்டுக்காரர்களான எங்களிடமே வந்துவிட்டது. ஆகவே, சொந்தமாக விமானம் கட்டுவது எங்கள் மாவட்டத்துப் பூர்வீகப் பழக்கம் என்று வீட்டில் வாதாடிப் பார்த்தேன்.

"அவரு கேக்காவது செய்வாரு. உங்களுக்கு ஒழுங்கா காபி போடத் தெரியுமா?" என்றாள் என் மனைவி. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். வாதத்தில் ஓட்டை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

நான் கட்ட ஆரம்பித்தது பீட்டன்போல் ஏர் கேம்பர் என்கிற பழைய மர விமானம். அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில், செர்ரி குரோவ் என்ற சிற்றூரில், பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக் 1929-ல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினை மாட்டிப் பறக்கவைத்தது. பள்ளிக்கூடத்தில் விமானப் பாடம் எதுவும் படித்தவரல்ல. வரைபடத்தை 1930-களில் பத்திரிகையில் போட்டார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் கொட்டகைகளில் யாராவது ஒருவர் அதைப் பார்த்து மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார். மறைமலை நகரில் வாகன உதிரிபாகங்களோடு காலம் தள்ளிய எனக்கு, கார் எஞ்சினில் ஓடும் விமானம் என்றதும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

வரைபடம் ஸ்ப்ரூஸ் மரம் கேட்டது. செங்கல்பட்டு மரக்கடையில் தேக்கு உண்டு, வேங்கை உண்டு, வேம்பு உண்டு. "நிலைக்கா சார், ஜன்னலுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். இறக்கைக்கு என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் நாடகமா என்றார். கடைசியில், தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு மெஷின் வரும் பைன் பெட்டிகளைக் காயலான் கடையில் வாங்கிப் பிரித்து, இறக்கையின் விலா எலும்புகளைச் செய்தேன். பெட்டி மரத்தில் செய்த இறக்கையை நம்பி யாரும் மேலே போகமாட்டார்கள். இந்த விமானம் பறக்கக் கூடாது என்பதில் எனக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. பறந்தாலும் எங்கே பறப்பது? வடக்கே மீனம்பாக்கம். அதற்கு இந்தப் பக்கம் தாம்பரம் விமானப் படைத் தளம். கிழக்கே கடலோரம் கல்பாக்கம் அணுமின் நிலையம். மிச்சமிருக்கும் ஆகாயத்தில் கொடி கட்டித் துணி காயப்போடலாம்.

இப்படி விலா எலும்புகள் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஞ்சியோ, அப்புறம் பைபாஸ். மாடிப்படியில் நின்று நின்று ஏறியவளை வயசாகிறது என்று நினைத்தோம். ரத்தக்குழாய்கள் மூன்று அடைத்திருந்தன.

பைபாஸில் மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறப்பார்கள். காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்தபின், எலும்பை மூடி எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது என் காதில் மற்றதெல்லாம் போய்விட்டது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பி, முறுக்கிக் கட்டுவது. விமானத்தில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க இதையேதான் செய்கிறோம்! "எத்தனை கேஜ் டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டர் பேனாவை நிறுத்தினார். "கேஜா?" "கம்பி. முறுக்கின நுனியை உள்பக்கமா மடக்கிவிடுவீங்கதானே? குத்திடக் கூடாது." அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "சார் வீட்ல ஏரோப்ளேன் கட்டறார்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று சொல்பவர்களின் குரல் அது. டாக்டர் நல்ல மனுஷர். நுனியை மடக்கித்தான் விடுவோம் என்று உறுதி கொடுத்தார். அன்றைக்கு என் கவலையில் பாதி குறைந்தது அந்த ஒரு பதிலில்தான்.

வீட்டுக்கு வந்தோம். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கையை ஊன்றி எழக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம். எல்லாவற்றையும் சார்ட் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாத்திரை நேரம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, குடித்த தண்ணீர், நடந்த தூரம். ஒவ்வொன்றுக்கும் நேரே கையெழுத்துப் போட ஒரு கட்டம். கட்டில் கிறீச்சிட்டது, எண்ணெய் போட்டேன். ஃபேன் ஆடியது, இறக்கி மாட்டினேன். ரசத்துக்கு உப்பை நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். விமானக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியாகிவிட்டது. இனி இவள்தான் என் வேலை.

இரவில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "வருது, போங்க" என்றாள்.

ஓரிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு காலையில், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, போய் உங்க ஏரோப்ளேனைக் கட்டுங்க. இங்கயே இருந்தா என்னைக் கழட்டி மாட்டிருவீங்க" என்றாள்.

கைவேலை தெரிந்த ஆண்பிள்ளையிடம் நோயாளியை ஒப்படைப்பதில் உள்ள ஆபத்தை மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதவேண்டும். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எலும்பு தானாகக் கூடுகிறது, ரத்தம் தானாக ஊறுகிறது, அவனுக்கு ஸ்பேனர் வைக்க இடமே இல்லை. பயம் வேறு. அந்தப் பயத்தைக் கொண்டுபோய்த் தேய்க்க ஒரு கட்டையாவது வேண்டும்.

விமானம் கட்டுகிறவர்களின் வரலாற்றில் இதற்கு நேரெதிரான கதைதான் அதிகம். அடிபடுவது அவர்கள், பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள். 1908 செப்டம்பர் 17 அன்று வர்ஜீனியாவில் ஆர்வில் ரைட்டின் விமானம் விழுந்தது. கூட இருந்த லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். ஆர்விலுக்குத் தொடை எலும்பும் விலாவும் முறிவு. ரைட் சகோதரர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பள்ளியில் லத்தீன் நடத்திக்கொண்டிருந்த தங்கை கேத்தரின் லீவு போட்டு ஓடிவந்து, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே இருந்து அண்ணனைத் தேற்றினாள். ராணுவத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குத் தவணை வாங்கிக்கொடுத்ததிலும் அவள் கை உண்டு. திரும்ப அந்த டீச்சர் வேலைக்குப் போகவே இல்லை. பிளேரியோ கால்வாயைக் கடந்த அன்று காலில் தீக்காயத்தோடு நொண்டிக்கொண்டுதான் விமானத்தில் ஏறினார்; மனைவி அலிஸ் கீழே போர்க்கப்பலில் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேத்தரின் கதையை நான் சொன்னபோது எங்கள் வீட்டு டீச்சர் கேட்ட ஒரே கேள்வி: "அவளுக்குப் பென்ஷன் குடுத்தாங்களா?"

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போகும். நொடிக்கு 600 சி.சி. இழுத்தால் முதல் பந்து, 900-க்கு இரண்டாவது, 1200-க்கு மூன்றாவது. நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க இந்தப் பயிற்சி. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஊதுகிற கருவி என்றே நினைப்பார்கள். ஊதினால் ஒன்றும் நடக்காது. காற்று வேகமாகப் போனால் பொருள் எழும்பும் என்பதைத்தான் நான் கொட்டகையில் வருஷக்கணக்கில் நிரூபிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி முதல் பந்தை எழுப்பினாள். "பாத்துக்குங்க. இந்த வீட்ல முதல்ல பறந்தது என்னுது."

பார்க்க வருகிறவர்கள் கையில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். நோயாளியிடம் ஐந்து நிமிஷம், விமானத்திடம் அரை மணி. கட்டிலருகே எப்படிப் பேசுவதென்று தெரியாமல் குரலைத் தாழ்த்தித் தவித்தவர்களுக்குக் கொட்டகை பெரிய விடுதலை. மைத்துனன் இறக்கைச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "மாமா, பந்தலுக்கு வாடகைக்கு விடலாம்" என்றான். எண்பதைத் தாண்டிய மாமியார் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, ரெண்டு மூட்டை நெல்லு புடிக்குமா?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத நியாயமான கேள்வி. சுமையும் அதை எங்கே வைப்பது என்பதும்தான் விமானக் கணக்கின் உயிர். அவள் படுக்கையிலிருந்தே காகிதம் கேட்டு வாங்கி, நெல்மூட்டையை வைத்து எடைச்சமநிலைக் கணக்குப் போட்டாள். ஒரு மூட்டைதான் ஆகும், அதுவும் முன் சீட்டில் என்று அம்மாவுக்குத் தீர்ப்புச் சொன்னாள். அன்று அவள் ஆக்சிஜன் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் மாமல்லபுரம் போனோம். கடற்கரை மணலில் நடப்பது சிரமம் என்று அர்ச்சுனன் தபசு முன்னால் புல்வெளி ஓரமாக மெதுவாக நடந்தாள். எல்லோரும் யானையைப் பார்ப்பார்கள், தவப் பூனையைப் பார்ப்பார்கள். நான் மேலே பறக்கும் கந்தர்வர்களைப் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி எவ்வளவு கெட்டிக்காரன்! இறக்கை கிடையாது, எஞ்சின் கிடையாது. காலைப் பின்னால் மடக்கிவிட்டால் போதும், கருங்கல் எழும்புகிறது. காற்றுத்தடை குறைய இன்றைக்கு விமானங்கள் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்கின்றனவே என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். யார் தனியா போறாங்க பாருங்க. எல்லாரும் ஜோடியாத்தான் போறாங்க" என்றாள்.

ஏர் கேம்பரும் இரட்டை இருக்கைதான் என்றேன் அவசரமாக. ஓட்டுகிறவருக்குப் பின் சீட்டு, பயணிக்கு முன் சீட்டு.

"ஸ்கூட்டர்ல பின்னாடி நான். இதுல மட்டும் முன்னாடியா? எதுலயாவது மோதினா முதல்ல நான் போய்ச் சொல்லணுமா?"

திரும்பும் வழியில் தேவனேரிக் குப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்க்கவேண்டும், எஞ்சின் மூடியை அதே முறையில் செய்வதாக யோசனை. மேட், ரெசின், ஹார்டனர். வெயிலில் ஹார்டனர் கொஞ்சம் கூடினாலும் டப்பாவிலேயே இறுகிவிடும் என்று படகுக்காரர் சொல்லிக்கொடுத்தார். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காரில் இருந்தவளைப் பார்த்து, "அம்மா, தண்ணில உழுந்தா மெதக்குற மாதிரி செய்யச் சொல்லுங்க. நாங்க வந்து இழுத்துக்குறோம்" என்றார். அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். அவருடைய பெரிய தலைவலிகளில் ஒன்று அதைக் கீழே இறக்குவது, கிரேன் வேண்டியிருந்தது. 2016-ல் அதைக் கண்காட்சியில் வைத்தார், 2017-ல் பதிவும் வாங்கிவிட்டார். எனக்கு மாடிப் பிரச்சினை இல்லை, கொட்டகை தரையில்தான் இருக்கிறது என்று பெருமையாக இருந்தேன். தினசரி நடைக்கு இப்போது வீட்டைச் சுற்றி வருகிறவள், ஒருநாள் என் டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "இறக்கை ஒரே துண்டு, 29 அடி. கேட்டு பத்தடி. கொட்டகைக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல திருப்ப இடமில்ல. அடுப்பங்கரைப் பக்கத்துச் சுவரை இடிச்சாத்தான் வெளிய வரும்."

இறக்கையை மூன்று துண்டாகச் செய்யும் முறையும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கொட்டகைக்குள் போய் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, "எப்ப சார் வெளிய எடுக்கறீங்க? அதுக்குத் தக்கன நாள் பாக்கணும்" என்றார்.

"அது எப்ப வேணா வரட்டும், அவசரமில்ல" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "நீங்க நாளைக்கே இடிங்க. இடிச்ச இடத்துல எனக்கு நாலுக்கு நாலு ஜன்னல் ஒண்ணு வேணும், பதினஞ்சு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."