வெள்ளி நாயும் நாலு ஓட்டும்

நாசாவில் நன்றாக வேலை பார்த்தால் ஒரு நாய் கிடைக்கும். வெள்ளி நாய். சட்டையில் குத்திக்கொள்ளலாம். சார்லஸ் ஷூல்ஸின் படக்கதை நாயான ஸ்னூப்பிக்கு விண்வெளி உடுப்பு மாட்டிச் செய்த சின்னம் அது. மனிதர்களைப் பத்திரமாக மேலே அனுப்பப் பாடுபட்ட ஊழியர்களின் நெஞ்சில் விண்வெளி வீரர்களே நேரில் வந்து குத்துகிறார்கள். விண்வெளிக்குப் போய்த் திரும்பிய சின்னம் வேறு. ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது. வாங்குகிறவருக்குக் கண் கலங்கினால் நான் சிரிக்க மாட்டேன். அவர் உழைப்பு நிஜம். என் வழக்கு, பொன்னாடை போர்த்தும் கைகளோடு.

நாய் பிறந்த கதையைக் கேளுங்கள். 1967 ஜனவரி 27. ஏவுதளத்தில் வெறும் ஒத்திகை. அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. கிரிஸம், வைட், சாஃபீ மூவரும் தரையை விட்டுக் கிளம்பாமலே செத்தார்கள். கலத்தின் கதவை மாற்றினார்கள், உள்ளே எரியக்கூடிய பொருள்களை மாற்றினார்கள். ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உணர்வை ஊட்டவும் கிளம்பினார்கள். 1968இல் நாய் வந்தது.

உணர்வு நன்றாகத்தான் ஊறியது. ஊழியர்களுக்கு. மேலே ஏறவில்லை.

சாலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்தது மார்ட்டன் தயோகால் கம்பெனி. பூஸ்டரின் பாகங்கள் சேரும் இடத்தை அடைக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைக்கும். விறைத்தால் அடைக்காது. அடைக்காவிட்டால் நெருப்பு வெளியே வரும். இது புரிய ராக்கெட் படிப்பு வேண்டாம். ஒழுகும் குழாயோடு வாழ்ந்தவர் எல்லோருக்கும் புரியும். கம்பெனிப் பொறியாளர் ரோஜர் போஜொலே 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதினார்: கவனிக்காவிட்டால் உயிர்கள் போகும். அக்டோபரில் அவர் சகா பாப் எபலிங் எழுதிய குறிப்பின் முதல் சொல்லே ‘உதவி!’ அலுவலகக் கடிதம் அப்படித் தொடங்குகிறதென்றால் எழுதியவர் எந்த நிலையில் இருந்திருப்பார்? கோப்பு நகர்ந்தது. வளையம் அப்படியே இருந்தது.

1986 ஜனவரி 27 இரவு. தேதியைக் கவனியுங்கள். அப்போலோ 1 தீயின் பத்தொன்பதாம் நினைவு நாள். மறுநாள் ஏவுதல். ஃபுளோரிடாவில் கடும் குளிர். 12 டிகிரிக்குக் கீழே ஏவாதீர்கள் என்று தயோகால் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். நாசா அதிகாரிகளுக்கு எரிச்சல். தயோகால் ஐந்து நிமிடம் கேட்டது, அரைமணி எடுத்தது. அந்த அரைமணியில் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டார். நாலு நிர்வாகிகள் ஓட்டுப் போட்டார்கள். நாலும் ‘ஏவலாம்’. பொறியாளர்களுக்கு ஓட்டு இல்லை. வளையத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அதனால்தான் இல்லை.

காலையில் வெப்பநிலை 2 டிகிரி. ஏவினார்கள். 73 வினாடியில் கலம் சிதறியது. ஏழு பேர்.

பிறகு நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. அந்த இரவு ஃபுளோரிடாவில் இருந்துகொண்டு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்தவர் தயோகாலின் ஆலன் மெக்டொனால்ட். விசாரணை ஆணையத்தின் முன் அதைச் சொன்னார். கம்பெனி அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்தபின், ராக்கெட்டைத் திருத்தும் பொறுப்பையே கொடுத்தது. போஜொலேயை உடன் வேலை செய்தவர்களே ஒதுக்கினார்கள். கம்பெனியை விட்டுப் போனார். 1988இல் அவரைப் பாராட்டிப் பரிசு கொடுத்தது வெளியிலிருந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம். எபலிங் முப்பது ஆண்டு தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு கிடந்தார். ஓட்டுப் போட்டவர்களின் பழியை ஓட்டில்லாதவர் சுமந்தார்.

பாடம் படித்தார்களா? சுவரில் ஒட்டினார்கள்.

2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பியபோது வெளித்தொட்டியிலிருந்து நுரைத்துண்டு பிய்ந்து இறக்கையில் அடித்தது. கலத்தில் நம் கர்னாலிலிருந்து போன கல்பனா சாவ்லாவும் இருந்தார். இறக்கையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். படம் எடுக்கப்படவில்லை. ராட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளர் ஆத்திரத்தில் ஒரு மின்னஞ்சல் தட்டினார். ‘பாதுகாப்பில்லை என்றால் சொல்’ என்று நம் சுவரெங்கும் சுவரொட்டி இருக்கிறதே, நினைவிருக்கிறதா என்று அதில் கேட்டார். அச்செடுத்தார். சகாவிடம் காட்டினார். மேலே அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. ஒட்டாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிப்ரவரி 1 அன்று ஏழு பேர். நாம் ஒரு வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா என்று பெயர் வைத்துக் கடமையை முடித்துக்கொண்டோம்.

நாய் மட்டும் அமோகமாக வாழ்கிறது. அப்போலோ 13 வீரர்கள் எஞ்சினை 14 வினாடி இயக்கியபோது கணக்குப் பார்க்க ஒமேகா கடிகாரம் உதவியதாம். அதற்காக 1970இல் ஒமேகாவுக்கு ஒரு வெள்ளி நாய். கம்பெனி அந்த நாயைக் கடிகாரத்தில் பதித்து இன்றும் பல லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. 2015இல் வந்த கடிகாரத்தின் முகப்பில், 14 வினாடியில் உன்னால் என்ன செய்ய முடியும் என்று ஒரு கேள்வி வேறு. 73 வினாடிக்கு ஒரு கடிகாரம் செய்யலாமே? விற்காது.

சாலஞ்சரின் சிதைவுகளை என்ன செய்தார்கள்? கைவிடப்பட்ட இரண்டு ஏவுகணைக் கிடங்குகளுக்குள் இறக்கி மூடினார்கள். அதிலிருந்து ஒரு துண்டைப் பொதுமக்கள் பார்க்க வைக்க 2015 வரை ஆயிற்று.

நாய் குத்தப் போகும் விண்வெளி வீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்தும் முன் அந்தப் பொறியாளரிடம் கேளுங்கள்: ‘கடைசியாக எப்போது வேண்டாம் என்று சொன்னீர்கள்? சொன்னபின் உங்களுக்கு என்ன ஆயிற்று?’ பதில் சொல்லுமுன் அவர் மேலதிகாரி முகத்தைப் பார்த்தால், நாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே ராக்கெட்டைப் போய்ப் பாருங்கள். அதில் ஏறப்போவது நீங்கள்தான்.