கோர் ஊரில் விலைக்குக் கிடைக்காத மீன்

கோர், நியூசிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பண்டம் ஒன்று உண்டு: ட்ரவுட் மீன். பஞ்சமெல்லாம் இல்லை. ஊருக்குள் ட்ரவுட்டுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பழுப்பு ட்ரவுட் பிடிப்பதற்கு உலகத் தலைநகரம் என்று தங்களுக்குத் தாங்களே பட்டமும் சூட்டிக்கொண்டார்கள். ஆனால் நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பது சட்டப்படி குற்றம். தின்ன ஆசைப்பட்டவர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மட்டாவுரா ஆற்றில் இறங்க வேண்டியதுதான்.

மீனும் கப்பலேறி வந்ததுதான். 1864-இல் இங்கிலாந்திலிருந்து 'நார்ஃபோக்' கப்பலில், பாசியில் பொதிந்து ஐஸில் வைத்த முட்டையாக டாஸ்மேனியாவுக்கு வந்தது. 1867-இல் அங்கிருந்து நியூசிலாந்துக்கு. விசா கேட்டவர் யாருமில்லை.

மண்புழு, தக்கை எதுவும் இங்கே நான் பார்க்கும் தூண்டில் வித்தையில் கிடையாது. ஒரு கம்பு, ஒரு ரீல், தடித்த நூல், அதன் நுனியில் கண்ணுக்குத் தட்டுப்படாத நரம்பு, வலைக்கூடை ஒன்று. நம் ஊரில் ஈயக்குண்டின் கனத்தில் முள் போய் விழும். இங்கே கனமெல்லாம் நூலில்தான். நூலைப் பின்னால் வீசி, முழுக்க நீளவிட்டு, பிறகு முன்னால் வீச வேண்டும். புதியவர்களின் முள் முதலில் பிடிப்பது கரையிலுள்ள வில்லோ மரத்தைத்தான்.

அந்த முள்ளைப் பார்க்க வேண்டுமே! இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் என்பவர் கண்டுபிடித்த கட்டு அது. ஃபெசன்ட் சேவலின் வாலிறகில் நாலைந்து இழையை உருவி, மெல்லிய செம்புக் கம்பியால் முள்ளில் சுற்றுகிறார்கள். கட்டுவதற்கு நூலே கிடையாது, கம்பியின் கனமே முள்ளை நீருக்குள் இறக்கும். நகத்தளவுதான் இருக்கும். மீன் அதை நீர்ப்பூச்சிக் குஞ்சு என்று நம்பி வாய் வைக்கிறது.

மலையில் மழை என்றால் ஆறு கலங்கி ஏறிவிடும். அதனால் நீரோட்ட அளவை இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். தெளிந்த நீரிலோ வேறு வம்பு: மீன் ஆளைப் பார்த்துவிடும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்பதால், கடன்காரனைக் கண்டவர் போலப் பதுங்கி, அதன் முதுகுப்பக்கமாகவே மேலேறுகிறார்கள். இத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனை, கையை நனைத்துக்கொண்டு மெல்லத் தூக்கி, முள்ளைக் கழற்றி, ஆற்றிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சித்தியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். மசாலா அரைத்து வைத்துக் காத்திருக்கும் கை அது.

டிடிமோ என்ற பாசி 2004-இல் தெற்குத் தீவில் தென்பட்டது. ஈரச் சாமான்களோடு ஆற்றுக்கு ஆறு தாவும் என்பதால், கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் வைத்த பூட்ஸுக்கு 2008-இலேயே தடை போட்டுவிட்டார்கள். ஆகவே சித்தப்பா, வரும்போது உங்கள் பழைய தூண்டிலை எடுத்து வர வேண்டாம். மனசு கேட்காமல் எடுத்து வந்தால், நன்றாகக் கழுவிக் காயவைத்து, விமானநிலையப் படிவத்தில் மறக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம் 400 டாலர்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்